மூணாவது இடத்துக்காரன் மனசு

2025 மே 24, சனிக்கிழமை. தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்குள் நுழைந்துவிட்டதாக அன்றைக்குத்தான் அறிவித்தார்கள். 2009க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லையாம். இடக்கொச்சியில் ஊற்று ஊற்றென்று ஊற்றிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்குக் கொச்சிக்கு வெளியே கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் சாய்ந்துகொண்டிருந்தது. கரையில் கண்டெய்னர் ஒதுங்கினால் யாரும் தொடாதீர்கள் என்று டிவியில் எச்சரிக்கை. கீழ்வீட்டுச் சேச்சிக்கு அந்தச் செய்தியைப் பார்க்கவேண்டும். சேட்டனுக்கு ஏழரை மணிக்கு வெம்பிளி மேட்ச் பார்க்கவேண்டும். சேட்டன் ஜெயித்தார். அன்றைக்கு அவர் ஜெயித்தது அது ஒன்றுதான்.

சேட்டனின் மகன் ஷெஃபீல்டில் நர்ஸாக இருக்கிறான். ஆகவே சேட்டன் ஷெஃபீல்ட் யுனைடெட் கட்சி. இங்கே பாதி வீடுகளில் இப்படித்தான், பிள்ளை எந்த ஊரில் வேலை பார்க்கிறதோ அந்த ஊர் டீம். நான் அவர் வீட்டு மாடியில் பதினாலு வருஷமாக வாடகைக்கு இருக்கும் பெரம்பூர்க்காரன். ஊருக்குப் போக ஆலப்பி எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி. எனக்கு எந்த இங்கிலாந்து டீமும் கிடையாது, சும்மா துணைக்குப் போய் உட்காருவேன்.

விவரம் தெரியாதவர்களுக்காக ஒரு பாரா. இங்கிலாந்தில் இரண்டாம் டிவிஷனுக்கு சாம்பியன்ஷிப் என்று பெயர். 24 டீம், ஆளுக்கு 46 மேட்ச். முதல் இரண்டு இடம் வந்தவர்கள் நேராகப் பிரீமியர் லீகுக்குப் போய்விடுவார்கள். அந்த சீசன் விதிப்படி 3 முதல் 6 வரை வந்த நாலு பேருக்குள் பிளே-ஆஃப்: மூணாவது ஆறாவதோடு, நாலாவது ஐந்தாவதோடு, பிறகு வெம்பிளியில் ஒரே ஒரு ஃபைனல். ஜெயிக்கிறவன் மட்டும் மேலே. டிவி பணம் மட்டுமே நூறு மில்லியன் பவுண்டுக்கு மேல் என்பதால் அந்த ஒரு மேட்ச்சுக்கு அவ்வளவு மவுசு. 1987லிருந்து நடக்கிறது.

அந்த வருஷம் ஷெஃபீல்ட் மூன்றாவது, 90 பாயிண்ட். (உண்மையில் 92 எடுத்தார்கள், ஒரு தண்டனையில் 2 போய்விட்டது.) எதிரி சண்டர்லாண்ட் நாலாவது, 76 பாயிண்ட். அதுவும் சீசனின் கடைசி ஐந்து லீக் மேட்ச்சும் வரிசையாகத் தோற்றுவிட்டு வந்தவர்கள். ஷெஃபீல்டோ செமிஃபைனலில் பிரிஸ்டல் சிட்டியை இரண்டு மேட்ச்சும் சேர்த்து 6-0 என்று துவைத்திருந்தது. 25வது நிமிஷம் கேம்ப்பெல் கோல். அடுத்து இன்னொன்று போட்டார்கள், வீடியோ ரெஃப்ரி செல்லாது என்றார். சேட்டன் சேரை விட்டு எழுந்தவர் உட்காரவே இல்லை. 76வது நிமிஷம் சமன். 90 முடிந்து ஐந்தாவது நிமிஷத்தில் டாம் வாட்சன் என்ற 19 வயதுப் பையன் தூரத்திலிருந்து ஒன்றைச் சொருகினான். 2-1. சண்டர்லாண்ட் மேலே.

சேட்டன் ரிமோட்டைச் சேச்சியிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஞான் அப்பொழே பறஞ்ஞில்லே மோனே? மூணாம் ஸ்தானக்காரன்டெ மனசு பொட்டிப்போயி."

அதாவது, நேரடி உயர்வு கைக்கெட்டி வாய்க்கெட்டாமல் போனவனுக்கு மனசு உடைந்துவிடுகிறதாம். நாலாவது ஐந்தாவது ஆறாவது வந்தவன் இது கிடைத்ததே போதும் என்று சந்தோஷமாக ஆடுகிறான். மூணாவது இடத்துக்காரன் துக்க வீட்டிலிருந்து எழுந்து வந்து ஆடுகிறான். எப்படி ஜெயிப்பான்?

எனக்கு இந்தப் பேச்சு ரொம்பப் பழக்கம். +2 முடித்தபோது கட்-ஆஃப் முக்கால் மார்க்கில் நான் கேட்ட காலேஜ் போயிற்று. அன்றைக்கு வீட்டுக்கு வந்த மாமாக்கள், சித்தப்பாக்கள் எல்லாரும் அம்மாவிடம் ஆறுதல் சொல்கிற சாக்கில் ஒரே வசனம் பேசினார்கள்: "அவ்ளோ கிட்ட வந்து போச்சுன்னா பையனுக்கு மனசு நிக்காதுக்கா." பத்து மார்க்கில் போயிருந்தால் பரவாயில்லையாம், முக்கால் மார்க்கில் போனதால் நான் இனிமேல் தேறமாட்டேனாம். எனக்கு மனசு நன்றாகத்தான் இருந்தது. அவர்கள் பேசிய பிறகுதான் கொஞ்சம் ஆடியது :-)

அதனால் அன்றைக்கு ராத்திரி மாடிக்கு வந்ததும் தாளை எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்துவிட்டேன். 2006 முதல் 2025 வரை இருபது பிளே-ஆஃப். ஜெயித்து மேலே போனவர்களில் மூன்றாம் இடத்துக்காரர்கள் எத்தனை பேர்? வாட்ஃபர்ட் 2006, டெர்பி 2007, ஹல் 2008, ஸ்வான்சீ 2011, வெஸ்ட் ஹாம் 2012, நார்விச் 2015, ஃபுல்ஹாம் 2018, பிரென்ட்ஃபர்ட் 2021, லூட்டன் 2023. ஒன்பது. நாலாவது வந்தவர்கள் ஆறு முறை, ஐந்தாவது வந்தவர்கள் நாலு முறை, ஆறாவது ஒரே முறை (பிளாக்பூல், 2010). நாலு பேருக்கும் சம வாய்ப்பு என்றால் ஆளுக்கு ஐந்து வரவேண்டும். மூணாவதுக்கு ஒன்பது. துக்க வீட்டுக் கதைக்கு இங்கேயே பாதி உயிர் போயிற்று.

"அது சரி, பத்துப் பாயிண்ட்டில் தவறியவனுக்கு என்ன துக்கம்? மயிரிழையில் தவறியவனைச் சொல்லு" என்று சேட்டன் கேட்பார் என்று தெரியும். அதையும் பார்த்தேன். அந்த இருபதில் இரண்டாம் இடத்தை 2 பாயிண்ட்டோ அதற்குக் குறைவாகவோ இழந்தவர்கள் ஆறு பேர். டெர்பி 2007, வெஸ்ட் ஹாம் 2012, ஃபுல்ஹாம் 2018 மூவரும் ஜெயித்தார்கள். வாட்ஃபர்ட் 2013, பிரைட்டன் 2016, பிரென்ட்ஃபர்ட் 2020 மூவரும் தோற்றார்கள். சரிபாதி. அதிக வித்தியாசத்தில் தவறிய பதினாலு பேரில் ஜெயித்தவர்கள் ஆறு. ஆறு பேரை வைத்துக்கொண்டு சட்டம் எழுத முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிட்ட வந்து தவறியவன் உடைந்துபோகிறான் என்பதற்கு இந்தக் கணக்கில் சாட்சி இல்லை.

பிறகு ஏன் எல்லாருக்கும் அப்படித் தோன்றுகிறது? தோற்றவர்களின் கதை அப்படி. மறக்கவே முடியாது.

1993ல் போர்ட்ஸ்மத் 88 பாயிண்ட், வெஸ்ட் ஹாமும் 88 பாயிண்ட். அப்போது சமன் என்றால் அதிக கோல் போட்டவன் மேலே என்று விதி. வெஸ்ட் ஹாம் 81, போர்ட்ஸ்மத் 80. நாற்பத்தாறு மேட்ச் ஆடி ஒரு கோலில் போயிற்று. பிளே-ஆஃபில் லெஸ்டரிடம் செமிஃபைனலிலேயே காலி.

1995 இன்னும் மோசம். ரெடிங் வந்தது மூன்றாவது இல்லை, இரண்டாவது! ஆனால் பிரீமியர் லீகை 22 டீமிலிருந்து 20ஆகக் குறைத்த வருஷம் என்பதால் முதலிடத்துக்கு மட்டும்தான் நேரடி உயர்வு. ஃபைனலில் ரெடிங் 2-0 முன்னிலை, ஒரு பெனால்ட்டியும் கிடைத்தது. அதைத் தவறவிட்டு, எக்ஸ்ட்ரா டைமில் 4-3 என்று போல்டனிடம் தோற்றார்கள். இதை யாரிடம் போய் முறையிடுவது?

1998ல் இதே சண்டர்லாண்ட் 90 பாயிண்ட் எடுத்து, 91 எடுத்த மிடில்ஸ்பரோவிடம் நேரடி உயர்வை விட்டது. ஃபைனலில் சார்ல்டனோடு 4-4, பெனால்ட்டியில் 7-6. 2016ல் பிரைட்டன் கடைசி நாள் மிடில்ஸ்பரோவோடு 1-1. இருவருக்கும் 89, கோல் வித்தியாசத்தில் இரண்டே இரண்டு குறைவு. பிளே-ஆஃபில் ஷெஃபீல்ட் வென்ஸ்டேயிடம் தோல்வி. 2020ல் பிரென்ட்ஃபர்ட் கடைசி இரண்டு மேட்ச்சில் ஒன்றை ஜெயித்திருந்தால் போதும். இரண்டும் தோற்று, ஃபைனலும் தோற்றது.

ஆனால் இந்தக் கதைகளை எல்லாரும் அந்த ஃபைனலோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த வருஷத்தைப் பாருங்கள். சண்டர்லாண்ட் 1999ல் 105 பாயிண்ட் எடுத்து முதலிடம். பிரைட்டன் 2017ல் இரண்டாம் இடம், நேராக மேலே. பிரென்ட்ஃபர்ட் 2021ல் மறுபடி மூன்றாவது, மறுபடி பிளே-ஆஃப், இந்தத் தடவை ஸ்வான்சீயை 2-0. அதற்கு முன் ஒன்பது முறை பிளே-ஆஃபுக்குப் போய் ஒன்பதிலும் தோற்றவர்கள் அவர்கள். மனசு உடைந்தவனா பத்தாவது முறை வருவான்?

(ஜெயித்தவன் எல்லாம் வாழ்ந்தான் என்றும் சொல்லமாட்டேன். 2007ல் பிளே-ஆஃப் ஜெயித்துப் போன டெர்பி அடுத்த சீசனில் 38 மேட்ச்சில் எடுத்தது 11 பாயிண்ட். ஒரே ஒரு வெற்றி.)

மூணாவது இடத்துக்காரன் தலையெழுத்தைத் தீர்மானிப்பது மனசைவிட, எதிரே யாரை நிறுத்துகிறார்கள் என்பது. ஜெர்மனியைப் பாருங்கள். அங்கே இரண்டாம் டிவிஷனில் மூன்றாவது வந்தவன், முதல் டிவிஷனில் கடைசியிலிருந்து மூன்றாவது வந்தவனோடு இரண்டு மேட்ச் ஆடவேண்டும். தனக்குக் கீழே இருந்தவனோடு இல்லை, தனக்கு மேலே இருப்பவனோடு. 2009லிருந்து 2025 வரை பதினேழு முறை நடந்ததில் கீழே இருந்தவன் ஜெயித்தது மூன்றே முறை: நூரம்பர்க் 2009, டுசல்டார்ஃப் 2012, யூனியன் பெர்லின் 2019. இங்கிலாந்தில் இருபதுக்கு ஒன்பது, ஜெர்மனியில் பதினேழுக்கு மூன்று. ஜெர்மன்காரனுக்கு மட்டும் மனசு வீக்கா என்ன?

அதிலும் ஹாம்பர்க் கதை. 2023 மே 28, கடைசி நாள், சாண்ட்ஹவுசனில் 1-0 என்று ஜெயித்துவிட்டார்கள். இன்னொரு ஊரில் ஹைடன்ஹைம் பின்தங்கியிருக்கிறது. ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள், மைக்கில் வாழ்த்தே சொல்லிவிட்டார்கள். அங்கே ஹைடன்ஹைம் 93வது நிமிஷம் ஒன்று, 99வது நிமிஷம் ஒன்று போட்டு 3-2. ஹாம்பர்க் 66 பாயிண்ட்டோடு மூன்றாவது, 67 எடுத்த இரண்டு பேர் மேலே. நாலு நாள் கழித்து ஸ்டுட்கார்ட்டிடம் 3-0, அப்புறம் 3-1. இதில் கொஞ்சம் மனசும் சேர்ந்திருக்கும் என்று விட்டுக்கொடுக்கிறேன். கல்யாண மேடையிலிருந்து இறக்கிவிட்ட மாதிரி. ஆனால் அவர்களும் 2025ல் நேரடியாகவே மேலே போய்விட்டார்கள்.

மறுநாள் மழை கொஞ்சம் விட்டபோது இதையெல்லாம் சேட்டனிடம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு வேறு பக்கம் தாவினார்: 14 பாயிண்ட் பின்னால் இருந்தவன் ஒரே ராத்திரியில் மேலே போவது நியாயமா, பிளே-ஆஃபே ஒரு லாட்டரி இல்லையா?

இதைச் சொல்வது யார்? கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர்! 2021-22 சீசனில் பிளாஸ்டர்ஸ் 34 பாயிண்ட்டோடு நாலாவது, ஜாம்ஷெட்பூர் 43 பாயிண்ட்டோடு முதலாவது. செமிஃபைனலில் சஹல் ஒரு கோல், லூனா ஒரு கோல், ஜாம்ஷெட்பூர் வெளியே. அன்றைக்கு இதே வீட்டு வாசலில் பட்டாசு வெடித்தது, பல்லுருத்தி வரைக்கும் மஞ்சள் கொடி பறந்தது. லாட்டரி என்று யாரும் சொல்லவில்லை. ஃபைனலில் 88வது நிமிஷம் வரை முன்னிலையில் இருந்துவிட்டு ஹைதராபாத்திடம் பெனால்ட்டியில் தோற்ற பிறகுதான் அது லாட்டரி ஆயிற்று. 2014, 2016, 2022 மூன்று ஃபைனல், மூன்றும் தோல்வி. சென்னையின் 2015லும் 2018லும் கப் வாங்கியதை நான் அந்த வீட்டில் ஞாபகப்படுத்துவதில்லை. வாடகை வீடு :-)

ஐ.எஸ்.எல்.லிலும் இங்கிலாந்து மாதிரிதான் ஒரு ஏற்பாடு இருந்தது. 2022-23 முதல் 2024-25 வரை, முதல் இரண்டு இடம் நேராக செமிஃபைனல், 3 முதல் 6 வரை நாக்-அவுட். அங்கும் மூன்றாவது வந்தவர்களைப் பாருங்கள். 2023ல் மோகன் பகான் மூன்றாவது வந்து கப்பே வாங்கியது. 2024ல் கோவா இரண்டே பாயிண்ட்டில் இரண்டாம் இடத்தை விட்டது, சென்னையினை ஜெயித்து செமிஃபைனலுக்குப் போய் மும்பையோடு 90வது நிமிஷம் வரை 2-0 முன்னிலை, பிறகு ஏழு நிமிஷத்துக்குள் மூன்று கோல் வாங்கித் தோற்றது. 2025ல் பெங்களூரு மூன்றாவது, ஃபைனல் வரை போய் எக்ஸ்ட்ரா டைமில் தோற்றது. ஒரு கப், ஒரு ஃபைனல், ஒரு செமிஃபைனல். உடைந்தவர்கள் என்று சொல்ல முடியுமா?

ஆனால் இது கப்புக்கான பிளே-ஆஃப். தோற்றாலும் அடுத்த வருஷம் அதே லீகில் இருப்பார்கள். மேலே ஏறுவதற்கான பிளே-ஆஃப் நம் நாட்டு லீகில் கிடையாது. என் ஆதங்கம் இங்கேதான்.

2019 மார்ச் 9. கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். பெயரில் சென்னை, ஆடுவது கோவையில். அதுதான் சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக் கடைசி நாள், மினர்வா பஞ்சாப் மூன்றாவது நிமிஷத்திலேயே கோல் போட்டுவிட்டது. அதே நேரம் கோழிக்கோட்டில் கோகுலத்தோடு ஈஸ்ட் பெங்கால். நான் இடக்கொச்சி மாடியில் போனில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று என்று வைத்துக்கொண்டு, வீட்டுக்காரியிடம் திட்டு வாங்கிக்கொண்டு பார்த்தேன். இரண்டாம் பாதியில் பெத்ரோ மான்சி பெனால்ட்டியில் சமன் செய்தார், கௌரவ் போரா இரண்டு போட்டார், 3-1. அங்கே ஈஸ்ட் பெங்கால் 2-1. சென்னை சிட்டி 43 பாயிண்ட், ஈஸ்ட் பெங்கால் 42. தமிழ்நாட்டு டீம் ஒன்று ஐ-லீக் சாம்பியன். மறுநாள் ஆபீஸில் இனிப்பு வாங்கிப் போனேன். "எந்த டீம்?" என்றார்கள்.

அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். முதலிடம் வந்த சென்னை சிட்டிக்கு ஐ.எஸ்.எல்.லில் இடம் இல்லை. உயர்வு என்ற விதியே அப்போது கிடையாது. ஒரு பாயிண்ட்டில் தவறி இரண்டாவது வந்த ஈஸ்ட் பெங்கால் 2020ல் முதலீட்டாளர் ஒருவர் கிடைத்ததும் ஐ.எஸ்.எல்.லுக்குள் போய்விட்டது. ஈஸ்ட் பெங்காலை நான் குறை சொல்லவில்லை. நூறு வருஷ கிளப், லட்சக்கணக்கில் ரசிகர்கள், அவர்கள் இல்லாத லீக் லீகே இல்லை. ஆனால் வரிசையைப் பாருங்கள்: முதலாவது வந்தவன் கீழே, இரண்டாவது வந்தவன் மேலே. இடையில் ஒரு மேட்ச் கூட ஆடவில்லை. சென்னை சிட்டி 2020-21க்குப் பிறகு ஐ-லீகிலேயே இல்லை.

அந்த 2020-21 ஐ-லீகை ஜெயித்தது கோகுலம் கேரளா. சர்ச்சில் பிரதர்ஸும் அவர்களும் 29 பாயிண்ட், நேருக்கு நேர் மோதிய கணக்கில் கோகுலம் சாம்பியன். 2022ல் மறுபடியும் சாம்பியன். இரண்டு முறையும் மேலே போக வழி இல்லை. 2019 அக்டோபரில் ஆசிய சம்மேளனம் ஒப்புக்கொண்ட திட்டப்படி 2022-23 சாம்பியனுக்குத்தான் முதல் உயர்வு. அந்த வருஷம் கோகுலம் மூன்றாவது! பஞ்சாப் மேலே போனது. அடுத்த வருஷமும் கோகுலம் மூன்றாவது, முகமதன் ஸ்போர்ட்டிங் மேலே போனது. கதவு மூடியிருந்தபோது முதலிடம், கதவு திறந்தபோது மூன்றாமிடம். 2025 ஏப்ரல் 6, கடைசி நாள், மறுபடி வாய்ப்பு இருந்தது. கோழிக்கோட்டில் சொந்த மண்ணில் டெம்போவிடம் 3-4. அந்த சீசன் சாம்பியன் யார் என்பதையே ஜூலையில் சுவிட்சர்லாந்து விளையாட்டு நீதிமன்றம்தான் தீர்த்தது, இன்டர் காசிக்கு.

இங்கிலாந்து விதி கோகுலத்துக்கு இருந்திருந்தால் இரண்டு முறை நேராக மேலே, குறைந்தது இரண்டு முறை பிளே-ஆஃப். ஜெர்மன் விதி இருந்திருந்தாலும் ஐ.எஸ்.எல். கடைசி டீமோடு இரண்டு மேட்ச். பதினேழுக்கு மூன்று என்ற வாய்ப்புதான், இருக்கட்டுமே. இங்கே 2024-25 சீசன் முடிய ஐ.எஸ்.எல்.லிலிருந்து ஒருவரைக்கூடக் கீழே இறக்கவில்லை. 2024-25ல் கடைசி இடம் வந்த முகமதன் அப்படியே இருந்தது. முதலீடு போட்டவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது அவர்கள் வாதம். சரி. அப்படியென்றால் நேரடியாக இறக்கவேண்டாம், பிளே-ஆஃபாவது வையுங்கள். ஐ.எஸ்.எல். கடைசி, ஐ-லீக் இரண்டாவது, கோழிக்கோட்டில் ஒன்று, கல்கத்தாவில் ஒன்று. டிக்கெட் விற்காது என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம். கலூர் ஸ்டேடியத்தில் வைத்தால் நானே சேட்டனைக் கூட்டிக்கொண்டு போவேன்.

சேட்டனிடம் இதையும் சொன்னேன். ஷெஃபீல்டுக்கு ஆகஸ்டில் அடுத்த சீசன் ஆரம்பம், மகன் ஏற்கெனவே டிக்கெட் விசாரிக்கிறான் என்றார். அப்புறம் கேட்டார்: "ஆ சென்னை டீம் இப்போ எவிடயா?"

ஐ-லீகிலேயே இல்லை என்றேன். கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே திரும்பிச் சேச்சியிடம் இரண்டு கட்டன் சாயா கேட்டார்.